யாரும் பேசாத ஒரு நிமிடம்

நாடகத்தில் கோர்டியனுக்கு ஒன்பது வசனங்கள். ஒலிப்பதிவில் பதினான்கு விக்கல்கள். எண்ணிச் சொன்னது யாகோதா. ஆறாம் வகுப்பின் வானொலி நாடகத்தை வெட்டி ஒட்டி ஒழுங்காக்கும் வேலை அவளுடையது.

வூட்ச் நகரத்தில் இருந்த அந்தப் பள்ளிக்குச் சொந்தமாக வானொலி உண்டு. பெரிதாக ஒன்றுமில்லை. மாடிப்படிக்குக் கீழே ஓர் அறை, ஒரு கணினி, ஒரு மைக், தாழ்வாரம் தோறும் ஒலிபெருக்கி. வெள்ளிக்கிழமை பெரிய இடைவேளையில் ஒலிபரப்பு நடக்கும். அதே நேரம் பள்ளியின் இணையப் பக்கத்திலும் கேட்கலாம்.

அன்று வியாழன். வகுப்புகள் முடிந்துவிட்டன. நாடகத்தை எழுதிய போரிஸ் கையைக் கட்டிக்கொண்டு நின்றான்.

"வேற வழியே இல்ல. தோணிக்காரர் வசனத்தை நானே பேசிடறேன்."

"ஏற்கெனவே நீதான் ராஜா, நீதான் திருடன், நீதான் குதிரை" என்றாள் யாகோதா.

"குதிரை நல்லா வந்திருக்குல்ல?"

தோணிக்காரனாகப் பேசியவன் கோர்டியன். எத்தனை முறை பேச வைத்தும் அவனுக்கு விக்கல் நிற்கவில்லை. மூலையில் உட்கார்ந்து தன் செருப்பு நுனியைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"அம்மாகிட்ட சொல்லிட்டேன்" என்றான்.

அவன் அம்மா நார்வேயில் மீன் தொழிற்சாலையில் வேலை பார்க்கிறார். போய் ஐந்து மாதம் ஆகிறது. நாளைக்குச் சாப்பாட்டு இடைவேளையில் நாடகம் கேட்பதற்காகக் கூட வேலை செய்பவர்களையும் கூப்பிட்டு வைத்திருக்கிறார்.

"விக்கல் வந்தா யாரோ நினைக்கிறாங்கன்னு அர்த்தமாம்" என்றான் போரிஸ்.

"நினைக்கட்டும். வசனம் பேசி முடிச்சப்புறம் நினைக்கக் கூடாதா?" என்ற யாகோதா, வேலையைத் தொடங்கினாள்.

வசனங்களுக்கு நடுவே வந்த விக்கல்களை ஒவ்வொன்றாகத் தேடி வெட்டினாள். வெட்டிய இடத்தை மூடினால் சொற்கள் ஒன்றோடொன்று முட்டிக்கொண்டன. அதனால் அந்த இடங்களை வெற்றாக விட்டாள். பிறகு மூவரும் கேட்டார்கள்.

"ஆறு..." ஒரு பள்ளம். "இன்னிக்கு..." இன்னொரு பள்ளம். "கோபமா இருக்கு."

"போன் கட்டாகிக் கட்டாகி வர்ற மாதிரி இருக்கு" என்றான் போரிஸ். "நான் பேசறேன்னு சொன்னேன்ல."

யாகோதா காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, வெட்டாத பழைய பதிவை மறுபடி போட்டாள். கோர்டியன் பேசும் இடங்களை விட்டுவிட்டு, அவன் பேசாத இடங்களை மட்டும் கேட்டாள்.

அங்கே ஏதோ இருந்தது. சுவரோரம் வெந்நீர்க் குழாய் மெல்லச் சீறியது. கணினியின் விசிறி முனகியது. இத்தனை நாளாக அதையெல்லாம் அமைதி என்றுதான் அவள் நினைத்திருந்தாள். அவள் வெட்டிவிட்ட இடத்திலோ அதுகூட இல்லை. அதனால்தான் பள்ளம்.

"நமக்கு இந்த ரூமோட அமைதி வேணும். ஒரு நிமிஷம். அதை வச்சு எல்லாப் பள்ளத்தையும் அடைச்சிடலாம்."

"அமைதியை ரெக்கார்ட் பண்ணப் போறியா? ரொம்ப முத்திடுச்சு" என்றான் போரிஸ்.

ஆனாலும் பதிவை ஓடவிட்டு, எல்லோரும் ஜாக்கெட்டை எடுத்துக்கொண்டு வெளியே போய் நின்றார்கள். ஒரு நிமிடம் ஆனதும் வந்து அந்த அமைதியை ஒட்டிப் பார்த்தார்கள். பொருந்தவில்லை. குளியலறையில் பேசுவதுபோல வெறுமையாகக் கேட்டது.

யாகோதா சுவரில் இருந்த காலி ஆணிகளைப் பார்த்தாள். கோர்டியன் பேசியபோது அவற்றில் மூன்று குளிர்கால ஜாக்கெட்டுகள் தொங்கின. மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள்.

"எல்லாத்தையும் மாட்டுங்க. அவங்கவங்க இடத்துல உட்காருங்க."

"நான் வேணாம்" என்றான் கோர்டியன். "விக்கிடுவேன். வெளியிலயே நிக்கிறேன்."

"நீ இல்லாட்டி இது அந்த ரூமே இல்ல. உட்காருடா."

அவள் சொன்னது ஒலியைப் பற்றித்தான். ஆனால் கோர்டியனின் காதுகள் சிவந்தன. இந்தப் பள்ளிக்குப் புதிதாக வந்த பிறகு அவன் காதில் விழுந்த முதல் நல்ல வார்த்தை அது. வந்து உட்கார்ந்தான்.

பதிவு தொடங்கியது. பத்து விநாடி. இருபது. கோர்டியன் இரண்டு கைகளாலும் வாயைப் பொத்திக்கொண்டான். முப்பத்தைந்தாவது விநாடியில் கதவு திறந்தது. பள்ளியைப் பூட்ட வந்த ஹலினா அம்மா எட்டிப் பார்த்தார்.

"பிள்ளைங்க இருக்கற ரூம்ல சத்தமே இல்லையேன்னு பயந்து ஓடி வர்றேன். எதை உடைச்சீங்க?"

மறுபடி முதலிலிருந்து. ஹலினா அம்மா வெளியே சாவிக்கொத்தை இறுகப் பிடித்துக்கொண்டு காவல் நின்றார். இந்த முறை நாற்பத்தெட்டு விநாடி வந்தது. அதற்குப் பிறகு போரிஸின் வயிறு நீளமாகக் கத்தியது.

"இதுவும் குதிரைதான்" என்றான் போரிஸ்.

நாற்பத்தெட்டே தாராளமாகப் போதும். பதிவுக்குப் பெயர் என்ன என்று கணினி கேட்டது.

"ஒண்ணுமில்லைன்னு வை" என்றான் போரிஸ்.

"இது ஒண்ணுமில்லாதது இல்லையே" என்ற யாகோதா, 'நாங்கள் மூவரும் பேசாதபோது' என்று தட்டினாள். அதிலிருந்து துண்டு துண்டாக எடுத்துப் பள்ளங்களை அடைத்தாள். பதின்மூன்று பள்ளங்கள் போன இடம் தெரியவில்லை. தோணிக்காரன் ஆற்றை நிதானமாகப் பார்த்துவிட்டுப் பேசினான்.

கடைசி விக்கல் மிச்சம் இருந்தது. நாடகத்தின் இறுதியில், "எல்லாரும் பத்திரமா இறங்குங்க" என்பதற்குப் பின்னால் வருவது. யாகோதா அதைத் தேர்ந்தெடுத்து விரலை ஓங்கினாள்.

"அது ஒண்ணு மட்டும் இருக்கட்டுமா?" என்றான் கோர்டியன். "இல்லாட்டி நான்தான்னு அம்மா நம்ப மாட்டாங்க."

யாகோதா போரிஸைப் பார்த்தாள். போரிஸ் கூரையைப் பார்த்து யோசித்தான்.

"நாள் முழுக்கக் குளிர்ல தோணி தள்றவர்தானே. விக்கட்டும்."

வெள்ளிக்கிழமை, அந்த விக்கலுக்குத் தாழ்வாரமே சிரித்தது. கோர்டியனும் சிரித்தான். அம்மா கேட்டாரா என்பது மட்டும் தெரியவில்லை. கைப்பேசிகள் கடைசி மணி அடிக்கும்வரை ஆசிரியர் அலமாரியில்தான் இருக்கும்.

மணி அடித்தது. மூன்று பேரும் ஓடினார்கள். அம்மாவிடமிருந்து ஒரு குரல் செய்தி வந்திருந்தது. கோர்டியன் அதைச் சத்தமாகவே வைத்தான். முதலில் யார் யாரோ கைதட்டினார்கள். பிறகு இயந்திர இரைச்சலுக்கு நடுவே அம்மாவின் குரல் கேட்டது.

"தண்ணி குடிடா, கண்ணா."