விரிப்பின் மறுபக்கம்

டிரைவரைப் புரட்டிப் படுக்கவைக்க அவள் விரிப்பை இழுத்தபோது, சுவர்ப்பக்கமிருந்தும் யாரோ அளவாக, பதமாக இழுத்துக் கொடுத்தார்கள்.

முதியோர் இல்லத்தில் நர்ஸ் வேலை பார்க்கும் அவளுக்குப் பிடிவாதம் என்று பட்டப்பெயர். ரிட்டயர்டு பஸ் டிரைவர் அவள் பொறுப்பு. பக்கவாதத்தில் பேச்சும் அசைவும் நின்றுபோய், கண் மட்டும் ஓடிக்கொண்டிருந்த மனிதர். படுக்கைப்புண் வராமலிருக்க அவரை அடிக்கடி புரட்ட வேண்டும். அதற்கு ரெண்டு பேர் வேண்டும். ரெண்டாவது ஆளை மேனேஜர் போன மழைக்காலத்திலிருந்து அனுப்பிக்கொண்டே இருக்கிறார். ஆள்தான் வரவில்லை.

கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவே ஒரு கை நுழையும் சந்து. யாரும் நிற்க முடியாது. சாயங்கால வெளிச்சம் திரைச்சீலையில் வடிந்து, டெட்டால் நெடியோடு தரையில் சோம்பிக் கிடக்க, அந்தச் சந்திலிருந்து மட்டும் வேறொரு வாடை, நாளெல்லாம் ரப்பர் கையுறைக்குள் வேர்த்த கையின் வாடை, மெல்ல ஏறி வந்து அவள் மூக்கில் உட்கார்ந்தது.

"சம்பளம் கேக்காத ஆள் கிடைச்சிருக்கு, டிரைவர்," என்றாள்.

டிரைவர் அவளைப் பார்க்கவில்லை. அந்தச் சந்துப் பக்கமே பார்த்தார். கண்ணில் நீர்.

அவரை மல்லாத்த, வழக்கம்போல "ஒண்ணு, ரெண்டு, மூணு" என்று எண்ணி இழுத்தாள். அந்தப் பக்கமும் இழுத்தது. கொஞ்சம் கூடுதலாக. அவர் தோள் சுவரோரம் நகர்ந்தது.

"என்ன, ரிவர்ஸ் எடுக்கறீங்க?"

மறுபடி நகர்ந்தார். இந்த முறை அவள் இழுக்கவே இல்லை.

ஒரு கையால் விரிப்பைப் பிடித்தபடி மேனேஜருக்குப் போன் போட்டாள்.

"நீ கேட்டுக்கிட்டே இருந்த ரெண்டாவது ஆள்தான் வந்தாச்சேம்மா. கேமராவுல பாக்கறேன், உன் எதிர்லதான் நிக்கறாங்க. உன் ஷிப்ட் முடிஞ்சுது. ஒப்படைச்சிட்டுக் கிளம்பு."

"முகம் தெரியுதா சார்?"

"குனிஞ்சிருக்காங்க."

"அப்போ குடுக்க முடியாது. முகம் தெரியாத ஆள் கையில என் பேஷன்ட்டை விட்டுட்டுப் போக மாட்டேன். வேணும்னா என்னை வேலைய விட்டுத் தூக்குங்க."

போனை வைத்தாள். கதவு திறந்தே இருந்தது. ஓடலாம். ஆனால் இரண்டு உடம்புக்கு ஒரு ஜோடிக் கால்தான் இருந்தது.

விரிப்பின் ஓரத்தை மணிக்கட்டில் சுற்றினாள். முழங்காலைக் கட்டில் சட்டத்தில் முட்டுக்கொடுத்தாள்.

சந்திலிருந்து குரல். நிதானமாக. அவளுடைய குரல்.

"ஒண்ணு."

துணி விறைத்தது.

"ரெண்டு."

"மூணு நான்தான் சொல்லுவேன்!" என்று அவள் கத்தினாள்.

பிறகு சுவரோரம், டிரைவரின் தலைமாட்டில், விரிப்பு ஒரு பிடியளவு கசங்கியது. பக்கத்தில் இன்னொரு பிடி. இடுப்பருகே ஒன்று. முழங்காலருகே. கால்மாடு வரைக்கும், வரிசையாக, பிடிகள்.

அவள் வாயை இறுக மூடிக்கொண்டாள். கையை விடவில்லை.

அவையும் விடவில்லை. மூணுக்காகக் காத்திருந்தன.