பச்சை விளக்கு எரியும் அறை

நான் அந்த முதியோர் இல்லத்துக்கு நிர்வாகியாகப் போய்ச் சேர்ந்த காலை, மழை தூறிக்கொண்டிருந்தது. உள்ளே நீண்ட தாழ்வாரம், இருபுறமும் அறைகள். அதன் கோடியில் இருந்த அறையில் என் சித்தப்பா படுத்திருந்தார். அப்பா இல்லாத வீட்டில் என்னைப் படிக்கவைத்து ஆளாக்கியவர். பக்கவாதத்தில் வலது பக்கம் விழுந்த பிறகு அவரை அங்கே சேர்த்ததும் நான்தான். அந்த இடத்தில் நிர்வாகி வேலை காலி என்று தெரிந்ததும் விழுந்தடித்துக்கொண்டு விண்ணப்பித்தேன்.

எனக்கு அலுவலகமாக ஒதுக்கிய அறை, முன்பு யாரோ தங்கியிருந்த அறை. கட்டிலை எடுத்துவிட்டு மேசை போட்டிருந்தார்கள். கட்டில் இருந்த இடத்தில், சுவரிலிருந்து நீட்டிக்கொண்டிருந்த ஒயர்களை வெட்டி டேப் சுற்றியிருந்தார்கள். கதவுக்கு மேலே இரண்டு விளக்குகள் தூசி படிந்து கிடந்தன.

அந்த விளக்குகளைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் பின்னால் நடந்தது புரியாது.

ஒவ்வொரு கட்டிலிலும் கயிற்றில் தொங்கும் ஒரு பொத்தான் உண்டு. படுத்திருப்பவர் அதை அமுக்கினால் தாழ்வாரத்தில் மணி அலறும். அவர் அறைக் கதவுக்கு மேலே சிவப்பு விளக்கு எரியும். அதை நிறுத்தும் பொத்தான் கட்டிலின் தலைமாட்டில் மட்டுமே இருக்கும். அதாவது, சத்தத்தை நிறுத்த வேண்டுமானால் கூப்பிட்டவரின் முகத்துக்கு நேரே போய் நின்றாக வேண்டும். நிறுத்தியதும் சிவப்பு அணைந்து பச்சை எரியும். உள்ளே கவனிக்க ஆள் வந்தாகிவிட்டது என்று பொருள். திரும்பும்போது அதே பொத்தானை இன்னொரு முறை அமுக்கினால் பச்சையும் அணைந்துவிடும். இதை வடிவமைத்தவர் யாரோ, எழுந்து போகச் சோம்பல்படும் மனிதர்களை நன்றாகத் தெரிந்துவைத்திருந்தவர்.

அங்கே இன்னொரு வழக்கமும் இருந்தது. பணி முடிந்து போகிறவர் சும்மா போய்விட முடியாது. அடுத்து வருகிறவரை ஒவ்வொரு கட்டிலுக்கும் கூட்டிப்போவார். கட்டிலின் ஒரு பக்கம் அவர், மறுபக்கம் இவர். படுத்திருப்பவரின் காதில் விழும்படியே அவர் நிலையைச் சொல்வார். புதிதாக வந்தவர் "நான் பாத்துக்கறேன்" என்று வாய்விட்டுச் சொன்ன பிறகுதான் முந்தையவர் நகரலாம். ஆளை ஒப்படைப்பது என்று அதற்குப் பெயர். பழைய மேட்ரன் ஒருவர் கொண்டுவந்த ஏற்பாடு என்றார்கள்.

நல்ல ஏற்பாடுகள்தான். ஆனால் அந்த மணிச் சத்தம் இருக்கிறதே, அதைக் கேட்டுக்கொண்டே வேலை செய்து பார்க்க வேண்டும். முதல் அறையில் இருந்த டீச்சரம்மா, பள்ளி விட்டாயிற்றா என்று கேட்பதற்காகவே ஓயாமல் அடிப்பார். மற்றவர்கள் தூக்கம் கெட்டு எரிச்சலோடு கிடப்பார்கள். பணிப்பெண்களில் வேகமானவளுக்கு எக்ஸ்பிரஸ் என்று பட்டப்பெயர். அவளே ஒருநாள் காலைப் பிடித்துக்கொண்டு படியில் உட்கார்ந்துவிட்டாள். எனக்கும் இருப்புக்கொள்ளவில்லை. வீட்டுக்குப் போனாலும் காதுக்குள் அது அடித்துக்கொண்டே இருந்தது.

எலக்ட்ரீஷியனை அழைத்து, நர்ஸ்கள் அமரும் மேசையிலேயே ஒரு பொத்தான் வைக்கச் சொன்னேன். அங்கிருந்தபடியே எந்த அறையின் மணியையும் நிறுத்திக்கொள்ளலாம். ஆளை ஒப்படைப்பதையும் என் அறைக்கு மாற்றினேன். எல்லோரும் உட்கார்ந்து, டீ குடித்துக்கொண்டே பேசி முடித்துவிடலாம்.

இல்லத்தில் அமைதி வந்தது. என் முதுகில் நானே தட்டிக்கொண்டேன்.

தலைமை நர்ஸுக்கு மட்டும் அது பிடிக்கவில்லை. வாயைத் திறந்து எதிர்க்கவில்லை. புதுப் பொத்தானைத் தொடாமலே இருந்தார். சித்தப்பா ரிட்டயர் ஆன பஸ் கண்டக்டர். அவருக்குப் பேச்சு குழறும். காதை அருகில் கொண்டுபோனால்தான் புரியும். நான் பெருமையாக விஷயத்தைச் சொன்னதும் இடது கையால் என்னைக் கிட்டே இழுத்து, "மணி அடிச்சா நிக்காத வண்டியா, பாப்பா? இறங்கிக்கறேன், விடு" என்றார். நான் சிரித்துவிட்டு வந்துவிட்டேன்.

மதியச் சாப்பாட்டுக்கும் மாலை டீக்கும் நடுவில் அங்கே ஒரு நேரம் உண்டு. திரைகளை இழுத்துவிடுவார்கள். பகலிலேயே தாழ்வாரம் இருண்டுபோகும். மழைக்காலத்தில் இன்னும் மோசம். சுவரெல்லாம் ஈரம் கோத்து, நடக்கிற சத்தம்கூட அமுங்கிக் கேட்கும். அப்படி ஒரு மதியம், நான் மேசையருகே நின்றிருந்தேன். தலைமை நர்ஸும் எக்ஸ்பிரஸும் எதிரே இருந்தார்கள். அந்தப் பகுதியில் வேறு யாரும் இல்லை.

டீச்சரம்மாவின் மணி அடித்தது. டீயைக் குடித்துவிட்டுப் போகிறேன் என்று சொல்லிக்கொண்டே எக்ஸ்பிரஸ் பொத்தானை அமுக்கினாள். சிவப்பு அணைந்தது.

பச்சை எரிந்தது.

மேசைப் பொத்தானால் பச்சையை எரியவைக்க முடியாது. அதற்கு ஒயரே இல்லை. தலைமாட்டில் யாராவது விரலை வைத்தால்தான் உண்டு.

மூவரும் அந்தக் கதவையே பார்த்துக்கொண்டிருந்தோம். கொஞ்ச நேரத்தில் பச்சையும் தானாக அணைந்தது. உள்ளே இருப்பவர் வேலையை முடித்துக்கொண்டு கிளம்புவதுபோல.

தாழ்வாரத்தில் யாரும் வெளியே வரவில்லை.

நான்தான் முதலில் உள்ளே போனேன். ஈரமான கஞ்சி போட்ட துணியின் வாசனை அறை முழுக்க நின்றது. எங்கள் சலவையில் கஞ்சி போடுவதே இல்லை. டீச்சரம்மாவின் போர்வை கழுத்துவரை இழுத்து, ஓரங்கள் கத்திமுனை போல் மடித்து, மெத்தைக்கடியில் இறுக்கமாகச் செருகப்பட்டிருந்தது. எங்களில் யாரும் அப்படி மடிப்பதில்லை. ஏதாவது வேண்டுமா என்று கேட்டேன். ஒன்றும் வேண்டாம், இப்போதுதான் அந்தம்மா வந்து ஊட்டிவிட்டுப் போனார் என்றார். முகத்தில் அப்படி ஒரு நிறைவு.

எலக்ட்ரீஷியன் வந்து எல்லாவற்றையும் கழற்றிப் பார்த்தார். ஈரக்கசிவு என்று சொல்வார் என எதிர்பார்த்தேன். அவர் தலைமாட்டுப் பொத்தானைத் திறந்து உள்ளே இருந்த ஸ்பிரிங்கைக் காட்டினார். அது தானாக இறங்காதாம். யாராவது அமுக்க வேண்டுமாம். நானும் என் விரலால் பலமுறை அமுக்கிப் பார்த்தேன். கெட்டியான ஸ்பிரிங்தான்.

அதன் பிறகு டீச்சரம்மா மணி அடிக்கவே இல்லை.

சாப்பாட்டுத் தட்டு போனபடியே திரும்பி வந்தது. எத்தனை கெஞ்சினாலும், சாப்பிட்டாயிற்று, வயிறு நிறைந்திருக்கிறது என்று சொல்லி வாயை மூடிக்கொள்வார். டாக்டர் சோதித்தார், நோய் எதுவும் பிடிபடவில்லை. பசி மட்டும் இல்லை. உடம்பு உருகிக்கொண்டே வந்தது. ஒரு மதியம் பச்சை எரிந்து அணைந்தபோது நாங்கள் ஓடினோம். போர்வைக்கு மேலே முகம் மட்டும் தெரிந்தது. அதில் அதே நிறைவு. மூச்சு இல்லை.

அடுத்து, எதிர் அறையில் இருந்த டெய்லர். நாள் முழுக்க எல்லோரையும் வம்புக்கிழுக்கும் மனிதர். அவரும் மணி அடிப்பதை நிறுத்திவிட்டு, சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டார். அவருடைய தட்டும் அப்படியே திரும்பி வந்தது.

நான் தலைமை நர்ஸைத் தனியே அழைத்துக் கேட்டேன். அவர் என் அறைக்குள் உட்கார மறுத்து, வாசலிலேயே நின்று சொன்னார். பழைய மேட்ரன் ஆயுள் முழுவதும் அங்கேயே உழைத்தவர். கடைசியில் நோயாளியாகி அங்கேயே படுத்தார், இப்போது நான் உட்கார்ந்திருக்கும் அறையில். ஒரு மாலை, ஆள் மாறும் நேரத்தில், அவர் மணி அடித்தது. வருகிறவர்கள் பார்ப்பார்கள் என்று போகிறவர்கள் நினைத்தார்கள். போகிறவர்கள் பார்த்துவிட்டுப் போவார்கள் என்று வந்தவர்கள் நினைத்தார்கள். அன்றைக்கு யாரும் கட்டிலருகே நின்று ஒப்படைக்கவில்லை. மணி நெடுநேரம் அடித்துக்கொண்டே இருந்தது.

"அவங்களை யாரும் பாத்துக்கறேன்னு சொல்லல, மேடம்" என்றார் நர்ஸ், குரலைத் தாழ்த்தி. "டியூட்டியிலேர்ந்து அவங்களை யாரும் விடுவிக்கவும் இல்ல. மணி அடிச்சா நாம போற வரைக்கும் சும்மா இருந்தாங்க. இப்ப நாம போறதில்ல. அவங்க போறாங்க."

போகும்போது திரும்பிப் பார்த்து, நேரத்துக்குச் சாப்பிடுங்கள் என்று என்னிடம் சொல்லிவிட்டுப் போனார். மேசையில் என் சாப்பாட்டு டப்பா திறக்காமலே கிடந்தது.

மேசைப் பொத்தானைப் பிடுங்கிப் போடும்படி உடனே எலக்ட்ரீஷியனுக்குப் போன் செய்தேன். பேசிக்கொண்டே தாழ்வாரத்துக்கு வந்தேன். மழை வலுத்திருந்தது. திரைகள் மூடிய அந்த மங்கலில், தூரத்தில் ஒரு புள்ளி வெளிச்சம்.

கோடி அறை.

பச்சை.

போன் கையில் இருந்தபடியே ஓடினேன். அந்தத் தாழ்வாரம் அவ்வளவு நீளம் என்று அன்றுதான் தெரிந்தது. கதவைத் தள்ளியதும் கஞ்சி வாசனை முகத்தில் அறைந்தது.

சித்தப்பா கழுத்துவரை போர்த்தப்பட்டிருந்தார். ஓரங்கள் இறுகச் செருகப்பட்டு, நல்ல கையும் உள்ளே சிக்கியிருந்தது. மணிக் கயிறு அழகாகச் சுருட்டி, ஜன்னல் கொக்கியில் மாட்டப்பட்டிருந்தது. இனி அது தேவையில்லை என்பதுபோல.

"நீ எதுக்கு வந்த, பாப்பா?" என்றார் குழறலாக. "வேலை கெடக்குமே. அதான் அவங்க இருக்காங்களே."

அவர் பார்வை என்மேல் இல்லை. கட்டிலுக்கு அந்தப் பக்கம், யாருமில்லாத இடத்தில் நிலைத்திருந்தது. அங்கே மெத்தையின் விளிம்பு ஒரு கை ஊன்றியதுபோல் அமுங்கியிருந்தது.

போர்வையைப் பிடித்து இழுத்தேன். வரவில்லை. மறுபக்கம் அது இன்னும் இறுகியது.

வெளியே ஓடி யாரையாவது கூப்பிட வேண்டும் என்று கால் துடித்தது. ஆனால் அவரை விட்டுவிட்டுப் போவது என்றால் என்ன பொருள் என்று எனக்கு அப்போது தெரிந்துவிட்டிருந்தது. அது அவரை மேட்ரன் பொறுப்பில் விட்டுப்போவது. போர்வையிலிருந்து கையை எடுத்தேன். கட்டிலுக்கு இந்தப் பக்கம், ஆள் மாற வருகிறவர்கள் நிற்கும் இடத்தில் நிமிர்ந்து நின்றேன்.

"சொல்லுங்க" என்றேன்.

மழைச் சத்தம் மட்டும் கேட்டது.

"அவரைப் பத்தி சொல்லுங்க. நான் டியூட்டிக்கு வந்திருக்கேன்."

சித்தப்பாவின் கண்கள் மூடின. வாய் திறந்தது. பக்கவாதத்துக்குப் பிறகு அவர் குழறாமல் பேசி நான் கேட்டதே இல்லை. இப்போது ஒவ்வொரு சொல்லும் தெளிவாக, தட்டையாக, அவசரமில்லாமல் வந்தது.

"வலது குதிகால்ல தோல் செவந்திருக்கு. அழுத்தம் படக்கூடாது. தண்ணி குடுக்கும்போது சாய்ச்சு உக்கார வைக்கணும். மணிக் கயிறு இடது கைக்கு எட்டணும். மத்தியானத்துல பயப்படுவார். யாராவது பக்கத்துல இருக்கணும்."



"நான் பாத்துக்கறேன்" என்றேன். "நீங்க போலாம்."

தலைமாட்டுப் பொத்தான் உள்ளே இறங்கி மேலே வந்தது. டிக் என்ற அந்தச் சிறு சத்தத்தைக் கேட்டேன். வாசலில் விழுந்திருந்த பச்சை வெளிச்சம் அணைந்தது. போர்வையை மறுபடி இழுத்தேன், தளர்ந்து என் கையோடு வந்தது. கால்மாட்டில் விலக்கிப் பார்த்தேன். வலது குதிகாலில் ஒரு வட்டமாகத் தோல் சிவந்திருந்தது. எங்களில் யாரும் அதைப் பார்த்திருக்கவில்லை.

சித்தப்பா கண் திறந்து, ஏன் அழுகிறாய் என்று கேட்டார். பிறகு பசிக்கிறது என்றார். அந்தச் சொல்லைக் கேட்டு நான் அவ்வளவு மகிழ்ந்தது அதற்கு முன்னால் இல்லை.

மேசைப் பொத்தான் அன்றே போயிற்று. ஆளை ஒப்படைப்பது மறுபடி கட்டிலருகே வந்தது. டெய்லரின் கட்டிலருகிலும் நான் நின்று, காலியான எதிர்ப்பக்கத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டியதைச் சொன்னேன். மறுநாள் அவர் சாப்பாட்டில் உப்பில்லை என்று சண்டை பிடித்தார். மணிகள் முன்போலவே அலறின. எந்த மணி அடித்தாலும் முதல் ஆளாக நான் ஓடினேன். ஒரு சிவப்பு விளக்கைக்கூடக் காத்திருக்க விடவில்லை. எல்லாரையும் இப்படி நீங்களே பார்த்தால் உங்களை யார் பார்ப்பது என்று தலைமை நர்ஸ் கடிந்துகொண்டார். சித்தப்பா தன் பங்குக்கு, ஓட்டமெல்லாம் டிரைவர் பார்த்துக்கொள்வார், நீ உட்கார்ந்து டிக்கெட் கிழி என்றார்.

போன வாரம் ஒரு மாலை, என் மேசையில் உட்கார்ந்தபடியே கண் அசந்திருக்கிறேன். கதவு தட்டும் சத்தம் கேட்டு எழுந்தேன். எக்ஸ்பிரஸ் வாசலில் நின்றாள். உள்ளே வரவில்லை. அவள் பார்வை கதவுக்கு மேலே இருந்தது.

"மேடம், உள்ள உங்களோட யாரு இருக்காங்க?"

யாருமில்லை என்று சொல்லிக்கொண்டே வெளியே வந்து நிமிர்ந்து பார்த்தேன். தூசி படிந்த கண்ணாடிக்குள், ஒயர் வெட்டப்பட்ட அந்த விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

பச்சை.

திரும்பி அறைக்குள் பார்த்தேன். என் தோளிலிருந்து நழுவிய சால்வை நாற்காலியில் கிடந்தது. அதன் ஓரங்கள் கத்திமுனை போல் மடிந்து, நாற்காலியின் கைகளுக்கடியில் இறுகச் செருகப்பட்டிருந்தன. மேசையில் என் சாப்பாட்டு டப்பா திறக்காமல் இருந்தது. அதன் பக்கத்தில் நேற்றைய டப்பாவும்.

எனக்குப் பசிக்கவே இல்லை.