நீல ஜாக்கெட்டின் உட்புறம்

முந்தின நாள் முழுவதும் அடுப்புக்கு மேலே கொடியில் காய்ந்த நீல ஜாக்கெட், காலையில் நிக்கனோரா கையை நுழைத்தபோது உள்ளே நனைந்திருந்தது. வெளிப்புறம் உலர்ந்தே இருந்தது.

ஐயாயிரம் மீட்டர் உயரத்தில், பனியாற்றின் ஓரத்துக் குடிலில் பதினொரு வருடமாக மலையேறிகளுக்குச் சமைக்கிறவள் அவள். மழையைத் தடுத்து வியர்வை ஆவியை மட்டும் வெளியே விடும் அந்தத் துணி, கடுங்குளிரில் என்ன செய்யும் என்று தெரியும். வெளித்தோல் உறைந்ததும் ஆவி போக வழியில்லாமல் உள்ளேயே பனியாகப் படியும். குடிலுக்குள் வந்ததும் உருகும். ஆனால் அதற்கு யாராவது அதைப் போட்டு வியர்த்திருக்க வேண்டும். எல் ஆல்டோ நகரச் சந்தையில் வாங்கியதாகச் சொல்லி அக்கா கணவன் வில்ஃப்ரெதோ அதைக் கொடுத்து இரண்டு நாள்தான் ஆகிறது. துவைத்துக் காயப்போட்டாளே தவிர அவள் அதைப் போடவே இல்லை.

உட்புறத்தைப் பழந்துணியால் துடைத்தாள். பழுப்பாக, கோந்துபோல இழுத்துக்கொண்டு வந்தது. ஊசிப்போன லாமா இறைச்சிக் கொழுப்பும், வாரக்கணக்கில் கழற்றாத காலுறையும், அவற்றுக்கு அடியில் தித்திப்பாக வேறேதோ ஒன்றும் சேர்ந்த நாற்றம் விரல்களில் ஏறி, சாம்பல் போட்டுத் தேய்த்தும் போகாமல், அவள் கிளறிய சூப்பிலும் வீசியது. துணியில் தோல் பொருக்குகள். ஒரு மஞ்சள் முடி.

பனிப்புயலால் மலையேறிகள் வரவில்லை. குடிலில் அவளும் அக்கா கணவனும் மட்டும். நண்பகலுக்குள் மூன்று முறை துடைத்துவிட்டாள். மூன்று முறையும் ஊறியது. கடைசியில் யாருடையது என்று வில்ஃப்ரெதோவிடம் கேட்டாள். போன வருடம் பனிப்பிளவில் விழுந்த ஒரு வெளிநாட்டுக்காரனுடையது என்றான்.

"செத்துட்டானா மச்சான்?"

அவன் மென்றுகொண்டிருந்த கோக்கா இலையை மறு கன்னத்துக்கு ஒதுக்கினான். "எப்படியும் அன்னிக்கு ராத்திரியைத் தாண்டியிருக்க மாட்டான்."

"நீ இதைக் கழட்டும்போது மூச்சு இருந்துச்சா?"

"இருந்துச்சு. அதுக்கென்ன இப்ப?"

அந்நேரம் கழிப்பறைக் கூரைத் தகரம் காற்றில் பிய்ந்து அடித்துக்கொண்டது. போய்க் கட்டிவிட்டு வரச் சொன்னான். அந்த ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டு போகமாட்டேன் என்றாள்.

"அவன் வேர்வை உன்னை ஒட்டிக்குமா? குடு இங்க."

தன் ஜாக்கெட் நேற்றிலிருந்து நனைந்து கிடந்ததால் அவனே அதை மாட்டிக்கொண்டு வெளியே போனான்.

தகரச் சத்தம் நின்றது. பத்து நிமிடம். இருபது. காற்று மட்டும்.

கதவு திறந்தபோது அவன் நின்றான். ஜாக்கெட் வெள்ளையாக இறுகி, பலகையாகியிருந்தது. அடுப்பருகே இழுத்து உட்காரவைத்தாள். நீலம் பாரித்த உதடுகள் இறுக மூடியிருந்தன. கண்கள் மட்டும் அவளைக் கெஞ்சின. ஜிப் நகரவில்லை. இறைச்சிக் கத்தியை எடுத்து நெஞ்சுப் பக்கம் துணியைக் கீறினாள்.

உள்ளே விரல் தடிமனுக்குப் பழுப்புப் பனி. கத்தி நுனியால் பெயர்த்தாள். அவன் தோலும் சேர்ந்து உரிந்தது. ரத்தம் வரவில்லை.

கீறலுக்குள்ளிருந்து வெதுவெதுப்பான காற்று வந்தது. தித்திப்பான அழுகல் நாற்றத்தோடு அவள் முகத்தில் பட்டது.

வில்ஃப்ரெதோவின் வாய் மூடியே இருந்தது. மூக்கில் அசைவில்லை.

கீறலின் இரண்டு ஓரங்களும் ஈரமாக உள்வாங்கின. பிறகு, மெல்ல, விரிந்தன.