வெள்ளிக்கிழமை ஷாக்

நிவேந்திரன் நாற்காலியில் உட்கார மறுத்துவிட்டான். கிளேபாங்கில் குஞ்சம்மாவின் வீட்டு ஹாலில் குறுக்கும் நெடுக்கும் நடந்தபடியே பேசினான்.

"அக்கா, இன்னிக்கு நாலு மணிக்குள்ள தர்மேந்திரன் கம்ப்ளேன் பாரத்த மின்சார ஆபீசுல கொண்டு போய்க் குடுத்துருவான். குடுத்துட்டா என் வயர்மேன் லைசன்ஸ் போச்சு. பன்னெண்டு வருஷமா இதான்லா எனக்குச் சோறு."

குஞ்சம்மா புக்கிட் ரம்பாய் தொழிற்சாலை ஒன்றில் முப்பது வருடம் மின்பராமரிப்புப் பார்த்து ஓய்வு பெற்றவர். பழுது எது என்று தெரிந்தவர்கள் வயர்மேனைக் கூப்பிட்டார்கள். பழுது யார்மேல் என்று தெரியாதவர்கள் அவரிடம் வந்தார்கள். வீடே பற்றி எரிந்தாலும் தேநீரைக் குடித்து முடித்துவிட்டுத்தான் எழுந்திருப்பார். பக்கத்து வீட்டு திலீபன் அதற்கு நேர் எதிர். நாற்பது வயது இன்சூரன்ஸ் ஏஜெண்ட். சாவே விழாத இடத்திலும் கொலையைத் தேடுகிற மனிதர். இப்போதே கார்ச் சாவியைக் கையில் எடுத்துவிட்டார்.

"மொதல்லருந்து சொல்லு," என்றார் குஞ்சம்மா.

"ரெண்டு மாசத்துக்கு முன்னால அவன் வீட்டுல வாட்டர் ஹீட்டர் போட்டேன். மூவாயிரத்து அறநூறு வாட். தனி லைன் இழுத்தேன், நாலு மில்லி கேபிள், இருபது ஆம்ப் பிரேக்கர். கரண்டு கசிஞ்சா ஒடனே வெட்டுறதுக்கு அதுக்குன்னே தனியா ஒரு ஈஎல்சிபி. எதுலயும் கை வெக்கலக்கா, சத்தியமா."

"அப்புறம்?"

"மூணு வாரம், வெள்ளிக்கிழமை சாயங்காலமாப் பாத்து ஈஎல்சிபி வெட்டி ட்ரிப் ஆச்சு. மறுநாள் போய் ஹீட்டரத் தொறந்து பாத்தா ஒண்ணுமே இல்ல. நாலாவது வாரத்துலருந்து ட்ரிப் ஆகவே இல்ல. போன வெள்ளிக்கிழமை அவன் சம்சாரம் திவ்யதர்ஷினி குளிக்கப் போயிருக்காங்க. ஷாக் அடிச்சுத் தூக்கிப் போட்டுருச்சு. அஞ்சு மாசம் முழுகாம இருக்காங்கக்கா." நிவேந்திரன் ஒரு கணம் நின்றான். "தாயும் புள்ளையும் நல்லாருக்காங்கன்னு டாக்டர் சொல்லிட்டாரு. அந்த மட்டுக்கும் சாமி புண்ணியம்."

"ட்ரிப் ஆனதுல எனக்குக் கவலையில்ல. திடீர்னு நின்னுச்சே, அதுதான் இடிக்குது," என்று குஞ்சம்மா எழுந்தார்.

புக்கிட் ரம்பாய் தாமான் குடியிருப்பில் தர்மேந்திரனின் இணைப்பு வீட்டை அடைந்தபோது மணி இரண்டரை. தர்மேந்திரன் வாசலிலேயே நின்றான். அவன் கையில் பூர்த்தி செய்த பாரம் இருந்தது.

"ஒரே தொழிற்சாலையில வேல செஞ்சோம், உங்க முகத்துக்காகத்தான் உள்ள விடுறேன்க்கா. இவன் வயர் போட்ட லட்சணத்துல எம் பொண்டாட்டி போயிருப்பா."

ஹாலில் திவ்யதர்ஷினி வெளிறிப்போய் உட்கார்ந்திருந்தாள். மூலையில் அவள் மாமனார் தம்புசாமி நின்றார். ரப்பர் தோட்டத்து இயந்திரக் கொட்டகையில் வேலை பார்த்து, பிறகு காவலாளியாக இருந்து ஓய்ந்தவர். வந்தவர்களை அவர் நிமிர்ந்து பார்க்கவில்லை.

"அன்னிக்கு ஹீட்டரை எவ்வளவு சூட்டுல வெச்சிருந்தம்மா?" என்று குஞ்சம்மா திவ்யதர்ஷினியிடம் கேட்டார்.

"ஹீட்டரே போடலக்கா. வயித்துப் புள்ளைக்குச் சூடு ஆகாதுன்னு மாமா சொன்னாரு. சுவிட்ச ஆஃப் பண்ணிட்டு, வாளியில தண்ணி புடிக்கலாம்னு குழாயத் திருகுனேன். அவ்வளவுதான் தெரியும்."

ஒரு வாரமாக ஆளுக்கொரு பக்கம் குதித்தார்களே தவிர, இந்தக் கேள்வியை அவளிடம் ஒருவரும் கேட்கவில்லை.

"அந்த ரூம்ல கரண்டுல ஓடுறது ஹீட்டர் ஒண்ணுதான். வேற எது அடிச்சிருக்கும்?" என்று தர்மேந்திரன் மணியைப் பார்த்தான்.

குஞ்சம்மா சுவரில் இருந்த மின்பெட்டியின் முன் போய் நின்றார். அதன் வெள்ளை மூடியின் நடுவே உலர்ந்து வெடித்த ஒரு சந்தனப் பொட்டு இருந்தது.

"ஆயுத பூஜைக்கு இன்னும் மூணு மாசம் இருக்கே!" என்று திலீபன் கிசுகிசுத்தார். தடயம் கிடைத்துவிட்ட சந்தோஷம் அவர் முகத்தில் தெரிந்தது.

"இந்த மூடி யாரு போட்டது?" என்று குஞ்சம்மா கேட்டார்.

"நாந்தான்க்கா, ஹீட்டரோட சேத்துப் புதுசாப் போட்டேன்," என்றான் நிவேந்திரன்.

குஞ்சம்மா ஈஎல்சிபியின் சோதனைப் பொத்தானை அழுத்தினார். டக்கென்று நெம்புகோல் கீழே விழுந்தது. "இப்ப ஹீட்டர் லைன் செத்திருக்கணும். திலீபன், குளியலறைக்கு வெளிய இருக்கிற சுவிட்சப் போட்டுப் பாருங்க. குழாயத் தொட்டுராதீங்க."

திலீபன் ஓடினார். "சுவிட்சுல செவப்பு லைட்டு எரியுதுக்கா! இன்னும் எரியுது!"

நிவேந்திரன் பெட்டியருகே ஓடிவந்தான். "நான் அப்படி வயர் குடுக்கவே இல்ல! யாரோ பிரிச்சிருக்காங்க!"

"இந்தப் பெட்டிய வீட்டுல யாராவது தொட்டீங்களா?" என்று குஞ்சம்மா பொதுவாகக் கேட்டார்.

தர்மேந்திரனும் திவ்யதர்ஷினியும் இல்லையென்று தலையசைத்தார்கள். "எனக்கு என்னம்மா தெரியும் இதெல்லாம்," என்றார் தம்புசாமி.

குஞ்சம்மா வீட்டின் பின்புறம் போனார். குளியலறைச் சுவரை ஒட்டி இடுப்பளவு முனீஸ்வரர் மேடை. சற்றுமுன் கழுவிவிட்ட ஈரம். பட்டப்பகலில் அங்கே ஒரு சிவப்பு பல்பு எரிந்துகொண்டிருந்தது. அதன் வயர் சுவரோரத்து இரும்புத் தண்ணீர்க் குழாயோடு கட்டப்பட்டு, சுவர் ஓட்டை வழியாக உள்ளே போயிற்று. "இதோ பாருங்க!" என்று குழாயைப் பிடிக்கப் போன திலீபனின் சட்டையைக் குஞ்சம்மா பின்னாலிருந்து இழுத்தார். டெஸ்டரைக் குழாயில் வைத்தார். அது பளிச்சென்று எரிந்தது. திலீபன் இரண்டு கைகளையும் பாக்கெட்டுக்குள் விட்டுக்கொண்டார்.

உள்ளே திரும்பிய குஞ்சம்மா நேராக மெயின் சுவிட்சுக்குக் கையை நீட்டினார்.

"அணைக்காதீங்கம்மா!" தம்புசாமி அலறினார்.

குஞ்சம்மாவின் கை அப்படியே நின்றது. "யாரும் தண்ணி பக்கம் போகாதீங்க. ஒரு நிமிஷம் கேளுங்க. ஹீட்டர்ல பழுதுன்னா அது கிழமை பாக்காது. கிழமை பாக்குறது நாமதான். வெள்ளிக்கிழமை நாம என்ன செய்வோம்? சாமி மேடையக் கழுவுவோம். வெளக்கு வயர ஹீட்டர் சுவிட்சுக்கு முன்னாலேயே பிரிச்சு எடுத்திருக்காங்க. அதனாலதான் திவ்யா சுவிட்ச ஆஃப் பண்ணியும் அது எரியுது. கழுவுனா தண்ணி எறங்கும், கரண்டு கசியும், ஈஎல்சிபி வெட்டும். ஹீட்டரும் நிக்கும், வெளக்கும் அணையும்."

"அப்ப ஏன் ட்ரிப் ஆகுறது நின்னுச்சு?" என்றான் தர்மேந்திரன். அவன் குரல் இறங்கியிருந்தது.

"வெளக்கு அணையுறது யாருக்கோ பொறுக்கல. வயர ஈஎல்சிபியிலருந்து கழட்டி நேரா பிரேக்கர்ல மாட்டிட்டாங்க. காவக்காரன வெளிய நிறுத்திட்டுக் கதவத் தொறந்து வெச்ச மாதிரி. போன வெள்ளிக்கிழமை கசிஞ்ச கரண்டு இரும்புக் குழாய் வழியா குளியலறைக்குப் போயிருச்சு. நிவேந்திரன் போட்ட ஹீட்டர் ஒரு தப்பும் செய்யல. மேடைப் பக்கம் எட்டிப் பாக்காதது மட்டும்தான் அவன் தப்பு."

"யாருக்கா மாத்துனது?" என்று தர்மேந்திரன் கேட்டான்.

"மூடி வந்து ரெண்டு மாசம். பொட்டு அதுக்கப்புறம் வெச்சது. நீ கார் வாங்குனப்ப சக்கரத்துக்கு எலுமிச்சம் பழம்கூட வேணாம்னு சொன்ன ஆளு. சாமி கும்பிட்டு, பொட்டு வெச்சிட்டுத்தான் மெஷின்ல கை வெப்பேன்னு இருக்கிறவரு இந்த வீட்டுல ஒருத்தர்தான்."

தம்புசாமி மூலையிலிருந்து முன்னே வந்தார்.

"ரெண்டு புள்ள தங்கலம்மா. இது பொறக்குற வரைக்கும் வெளக்கு அணையாதுன்னு முனியன்கிட்ட வேண்டிக்கிட்டேன். மூணு வெள்ளிக்கிழமை அணைஞ்சுச்சு. எனக்கு ஈரக்கொலையே நடுங்கிருச்சு. அதான் அணையாத மாதிரி மாட்டுனேன். இவளுக்கு அடிச்சப்பவே சந்தேகம் வந்துச்சு... சொல்ல வாய் வரல."

திவ்யதர்ஷினிக்குக் கோபமும் அழுகையும் ஒன்றாக வந்தன. "ஒரு வாரமா சும்மா இருந்தீங்களே மாமா. இன்னொரு தடவை தொட்டிருந்தா?"

கிழவர் நடந்து போய் மெயின் சுவிட்சை அவரே கீழே தள்ளினார். மின்விசிறி சுற்றி ஓய்ந்தது. பிறகு மகன் கையிலிருந்த பாரத்தைத் தொட்டார்.

"இந்தத் தம்பி பேர அடிச்சிட்டு எம் பேர எழுது. அவன் ஒழுங்காத்தான் செஞ்சான். நாந்தான் பிரிச்சேன்."

தர்மேந்திரன் எழுதவில்லை. பாரத்தை இரண்டாகக் கிழித்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான். நிவேந்திரனின் முகத்தைப் பார்க்க அவனுக்குச் சங்கடமாக இருந்தது.

"டூல்ஸ் கொண்டாந்திருக்கியா?"

"கார்ல இருக்கு."

"எல்லாத்தையும் பழையபடி மாத்திக் குடு. சாமிக்கும் தனியா ஒரு லைன் இழுத்துரு."

நிவேந்திரன் விறுவிறுவென்று வாசலுக்கு நடந்தான். தம்புசாமி பின்னாலேயே போய் அவன் கையைப் பிடித்தார்.

"அதுக்கும் அந்த வெட்டுற சாமானப் போட்டுரு தம்பி. வெளக்கு அணைஞ்சா அணையட்டும். எம் மருமக இருக்கட்டும்."