அருவிக்கு வழி சொன்ன அம்பு

மழையில் குடை பிடித்து வருபவர்களை ஏற்காட்டுப் படகுத்துறை எத்தனையோ பார்த்திருக்கிறது. பலகை பிடித்து வந்தவளை அன்றுதான் பார்த்தது.

தலைக்கு மேலே ஒரு தகரப் பலகை. நாலு ஓரத்திலும் தண்ணீர் கொட்ட, நடுவில் இரண்டு பெரிய கண்கள்... கோபத்தில் இன்னும் பெரிதாகி. கோடை விழாவுக்காகப் படகுகளில் எண் எழுதிக்கொண்டிருந்த சென்றாயன், பாதி ஏழோடு தூரிகையை நிறுத்திவிட்டான்.

"ஏனுங்க, இந்த அம்பு போட்டது நீங்கதானுங்களா?"

பலகையை அவன் காலடியில் வைத்தாள். 'கிளியூர் அருவி' என்று எழுதி, கீழே சிவப்பில் ஓர் அம்பு. அவன் எழுத்துதான்.

"நாந்தானுங்க," என்றான். அதற்கு மேல் பேச அவள் விட்டால்தானே...

அவள் பூவாயி. எஸ்டேட் வேலைக்காரர் வீட்டுப் பெண். காப்பித் தோட்டத்தில் வேலை இல்லாத கோடை நாட்களில், அருவிக்குத் திரும்பும் முக்கில் பலாச்சுளை விற்பாள். அருவிப் பாதை கிழக்கே இருக்க, இந்த அம்பு மேற்கே காட்டுகிறதாம். இரண்டு நாளாக வந்தவர்களெல்லாம் காப்பித் தோட்டத்துக்குள் புகுந்து, அட்டைக்கடி வாங்கிக்கொண்டு திரும்பி வந்து, முக்கில் உட்கார்ந்திருக்கும் அவளைத் திட்டுகிறார்களாம். போகும்போது நிறுத்தி ஒரு வார்த்தை கேட்டால்தானே அவள் சொல்ல முடியும்?

"அந்த அருவிய நீங்க பாத்திருக்கீங்களா?"

அவன் தலையைச் சொறிந்தான். மலைக்குக் கீழே அடிவாரத்தில் பிறந்தவன். அங்கே தன் கொட்டகையில் உட்கார்ந்து, லேடீஸ் சீட், பகோடா பாயிண்ட், கரடிக்குகை, சேர்வராயன் கோயில் என்று பன்னிரண்டு இடங்களுக்குப் பலகை எழுதியிருந்தான். ஒன்றைக்கூடப் போய்ப் பார்த்ததில்லை.

அதைக் கேட்டதும் பூவாயிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்தால் அந்தக் கண்கள் பாதியாகிவிடும் என்பதை அவன் குறித்துக்கொண்டான்... எதற்கென்று அவனுக்கே தெரியவில்லை.

சிரிப்பு அடங்குமுன் பின்னால் ஒரு செருமல். விழா ஆபீசர் எல்லாவற்றையும் கேட்டபடி நின்றிருந்தார். தப்பாக வழி காட்டுகிறவனை நம்பி மிச்ச வேலையைக் கொடுக்க முடியாது, இதை மட்டும் திருத்திவிட்டு ஐந்து மணி பஸ்ஸில் இறங்கிவிடு, நாளைக்கு சேலத்திலிருந்து வேறு ஆள் வருவான் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

பூவாயிக்குச் சுருக்கென்றது. சண்டை போடத்தான் வந்தாள். அவன் வேலையைப் பறிக்க வரவில்லையே...

அவன் பெயிண்ட் டப்பாவை எடுத்துக்கொண்டு, மழைக்காகத் தன்மேல் போட்டிருந்த பிளாஸ்டிக் தாளை அவளிடம் நீட்டினான். வேண்டாம் என்று சொல்லத்தான் வாயெடுத்தாள். கை வாங்கிக்கொண்டது.

முக்குக்கு வந்தபோது மழை விட்டிருந்தது. சாலையைப் பார்த்தபடி வெறும் கம்பம் நின்றது. சென்றாயன் அதைப் பார்த்தான். எதிர்ப்புறம் மரத்தடியில் அவள் விரித்திருந்த சாக்கைப் பார்த்தான். அதன் ஓரத்தில் கொஞ்ச நேரம் குனிந்து நின்றான். பிறகு மண்ணெண்ணெய் தொட்டு பழைய அம்பை அழித்துவிட்டு, கிழக்கே பார்க்கிற மாதிரி எழுதி மாட்டினான்.

"இப்பவாவது அருவிய ஒருக்காப் பாத்துட்டுப் போங்க," என்றாள் அவள்.

செங்குத்தான பாதை. வழுக்கிய இடத்தில் அவள் கையை நீட்ட, அவன் தயங்கிப் பிடித்தான்... பாதை சமமான பிறகும் இரண்டு பேரும் விட மறந்தார்கள். ஏரி நிரம்பி வழிகிற தண்ணீர்தான் இங்கே வந்து விழுகிறது என்று அவள் சொன்னது அவன் காதில் ஏறவில்லை. வாயைத் திறந்தபடி அருவியைப் பார்த்துக்கொண்டிருந்தான். இத்தனை வருடமாகப் பார்க்கிற அருவி, இன்றைக்குத்தான் அவளுக்கும் அழகாகத் தெரிந்தது.

மேலே வந்ததும், பலாப்பால் ஒட்டாமலிருக்கத் தான் தடவிக்கொள்ளும் தேங்காயெண்ணெயை அவன் பெயிண்ட் கையில் ஊற்றினாள். கையைத் துடைத்துக்கொண்டு, வரேனுங்க என்று கிளம்பிவிட்டான். அவள்மேல் ஒரு கோபம்கூட இல்லை. அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை.

மனசே இல்லாமல் கடையைக் கட்டினாள். சாக்கை உருவியபோது, அதன் ஓரத்துக்கு அடியில் ஒரு குழி... கல்லும் மண்ணும் போட்டு மூடிய கம்பக்குழி.

பூவாயி அப்படியே உட்கார்ந்துவிட்டாள். போன வாரம் கம்பம் நட வந்தவர்கள் இந்த மரத்தடியில்தான் குழி தோண்டினார்கள். நிழலும் இடமும் போய்விடும் என்று கெஞ்சி, எதிர்ப்புறத்தில் நட வைத்தவள் அவளேதான். சாலையைப் பார்க்கிற பலகையை எதிர்ப்பக்கம் கொண்டுபோனால் பலகையோடு அம்பும் திரும்பித் திசை மாறிவிடும் என்பது அவள் புத்திக்கு எட்டவில்லை.

அவனுக்கு எட்டியிருக்கிறது. தெரிந்தும் பழியைத் தானே சுமந்துகொண்டு போயிருக்கிறான்.

ஆபீசர் காதுபட அவனைக் கேவலப்படுத்திவிட்டு, அதே இடத்தில் போய்த் தப்பு என்னுடையது என்று எப்படிச் சொல்வது? நாலு நாளைக்கு ஊரே சிரிக்குமே... சிரித்தால் சிரிக்கட்டும். அந்த ஆள் கெட்ட பெயரோடு மலை இறங்கக் கூடாது. வந்த ஜீப்பில் தொற்றிக்கொண்டாள்.

படகுத்துறையில் அவன் தூரிகைகளைத் தகரப்பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தான். பக்கத்தில் ஆபீசர். பூவாயி மூச்சு வாங்க நேரே அவர் முன்னால் போய் நின்றாள்.

"சார், அம்பு சரிங்க. கம்பந்தான் தப்பு. மாத்தி நட வெச்சது நானுங்க."

முழுவதையும் கேட்ட ஆபீசர் அவளை முறைத்தார். கம்பம் பழைய குழிக்கே போக வேண்டும், அவள் எதிர்ப்புறம் உட்கார்ந்துகொள்ளட்டும் என்றார். சென்றாயன் பக்கம் திரும்பி, மிச்ச வேலையும் உனக்குத்தான், அந்த அம்பை நாளைக்கு மறுபடி மாற்றி எழுது என்று சொல்லிவிட்டு, சிரிப்பை மறைத்துக்கொண்டு நகர்ந்தார்.

ஏரியில் லேசாகத் தூறல் விழுந்துகொண்டிருந்தது.

"தெரிஞ்சும் ஏனுங்க சொல்லுல?"

"சொன்னா உங்க எடம் போயிருமுங்க. நான் எங்கியாவது பலகை எழுதிக்குவேன்."

"எடம் போனா எதுத்தாப்புல உக்காந்துக்குவனுங்க. நீங்க போனா..."

நிறுத்தினாள். சொல்லாமல் விட்டால் ஐந்து மணி பஸ் ஒவ்வொரு நாளும் நெஞ்சில் ஏறி இறங்கும் என்று தோன்றியது.

"எனக்கு உங்களப் புடிச்சுப்போச்சுங்க. நொம்பவே."

பஜார் பக்கம் பஸ் ஹாரன் கேட்டது. அவன் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"பலகையத் தலைல வெச்சுட்டு வந்தீங்களே... அப்பவே எனக்குப் புடிச்சுப்போச்சுங்க," என்றான். "இன்னும் பதினோரு எடம் பாக்காமக் கெடக்குது. கூட்டிட்டுப் போவீங்களா?"

"மொதல்ல எங்க ஊட்டுக்கு வந்து எங்கப்பங்கிட்டப் பேசோணும். அப்புறந்தான் மத்ததெல்லாம்."

"வழி தெரியாதுங்களே..."

பூவாயி அவனுடைய பெட்டியிலிருந்து ஒரு தூரிகையை எடுத்தாள். சிவப்பில் தோய்த்து, பெட்டி மூடியின்மேல் நாக்கைக் கடித்துக்கொண்டு ஓர் அம்பு போட்டாள். கோணல்மாணலாக, தன் ஊர்ப் பக்கம் பார்த்து.

அவன் அதை ஈரம் காயும்வரை பார்த்துக்கொண்டிருந்தான். "இது மாறிப் போயிராதுங்களே?"

பூவாயி தலை குனிந்து, எண்ணெய்க் கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"இனிமே கம்பத்த மாத்தி நட மாட்டனுங்க."