பால் மழை

நனைந்த கோழி மாதிரி மாடிப்படி ஏறி வந்து நின்றார் டைரக்டர். சட்டையிலிருந்து சொட்டிய மழைநீர் அறை முழுக்கக் கோலம் போட்டது. துப்பறிவாளர் நாற்காலியைக் காட்டினார். அவர் 'மாப்பிள்ளை' என்று கூப்பிடும் தங்கை கணவர், தொழிலில் அவருக்கு வலது கை என்று தன்னைத்தானே நியமித்துக்கொண்டவர், ஒரு துண்டை எடுத்து நீட்டினார்.

"என்ன காணாமப் போச்சு?" என்றார் துப்பறிவாளர்.

"காணாமப் போகல சார். கெட்டுப்போச்சு. எங்க படத்தோட கடைசிக் காட்சி. இன்னும் கழுவாத பிலிம். இன்னிக்குச் சாப்பாட்டு நேரத்துல யாரோ டப்பாவைத் திறந்து வெளிச்சத்துல உருவிப் போட்டுட்டாங்க. கேமரா உதவியாளர்தான் செஞ்சிருக்கணும்னு முதலாளி ஒத்தைக்கால்ல நிக்கறார். சாயங்காலத்துக்குள்ள உண்மை தெரியலேன்னா அவனைப் போலீஸ்ல கொடுத்துடுவாராம். அவன் செய்யற ஆள் இல்லை சார்."

"அப்படி என்ன காட்சி அது?"

டைரக்டர் துண்டால் முகத்தை அளவுக்கு மீறி அழுத்தித் துடைத்தார். "கொலைகாரன் மழையில மாடிப்படியிலேர்ந்து உருண்டு விழறான். டூப் போட்டது என் மச்சினன். நிஜமாவே விழுந்துட்டான். இடுப்பு எலும்பு முறிஞ்சு ஆஸ்பத்திரியில கிடக்கான். கொஞ்சம் குடிச்சிருந்தான் போல."

அந்தக் கடைசி வாக்கியம் பொய். மூன்று நாளாகக் கேட்டவர்களிடமெல்லாம் அதைச் சொல்லிச் சொல்லி நாக்குக்குப் பழகிவிட்டது, மனசுக்குத்தான் பழகவில்லை. ஆஸ்பத்திரி வாசல்வரை போய், உள்ளே போகத் தெம்பில்லாமல் திரும்பி வந்திருந்தார்.

படப்பிடிப்பு நடந்தது ஒரு பழைய சரக்குக் கிடங்கில். உள்ளே அட்டையாலும் பலகையாலும் ஒரு குறுக்குத்தெரு. விளக்குக்குப் பஞ்சம் என்பதால் ஜன்னல் கம்பிகளின் நிழலைச் சுவரில் கறுப்புச் சாயத்தால் வரைந்தே விட்டிருந்தார்கள். தெருவுக்கு மேலே ஓட்டை போட்ட குழாய்கள். தெருமுனையில், பிலிம் மாற்றும் இருட்டறையின் தகரக் கதவு. அதற்குப் போக வேறு வழி இல்லை.

மாப்பிள்ளை தரையில் தேங்கியிருந்த தண்ணீரை விரலால் தொட்டுப் பார்த்தார். "என்ன மச்சான், தண்ணி வெள்ளையா இருக்கு?"

"வெறும் தண்ணி கேமராவுல தெரியாது," என்றார் டைரக்டர். "டின் பாலைக் கரைச்சு விட்டாத்தான் மழை மாதிரி தெரியும்."

"காப்பித்தூள் போட்டிருந்தா டம்ளரோட நிக்கலாம்," என்றார் மாப்பிள்ளை.

"சாப்பாட்டு நேரத்துல இந்த மழை பெய்ஞ்சுதா?" என்று கேட்டார் துப்பறிவாளர்.

"பெய்ஞ்சுது. குழாய் அடைப்பை எடுத்துட்டுப் பம்புக்காரர் பூரா நேரமும் ஓட விட்டுப் பார்த்தார். பம்பு சுவருக்கு வெளியில இருக்கு. அவருக்கு உள்ள நடக்கறது தெரியாது."

துப்பறிவாளர் இருட்டறைக்குள் போனார். டைரக்டர் முன்கூடத்துக்கு நடந்தார். அங்கே ஈரமெல்லாம் காயப் போட்டிருந்தார்கள். டீக்கடைக்குப் போய் நனைந்து வந்த கேமரா உதவியாளரின் சட்டை கொடியில் கிடந்தது. காரிலிருந்து இறங்கி ஓடி வந்த கதாநாயகனின் மழைக்கோட்டு ஆணியில் தொங்கியது. மூலையில் விரித்து வைத்திருந்தது, படத்துக்கு உடைகள் தைக்கும் டைரக்டர் மனைவியின் குடை. தம்பிக்குச் சாப்பாடு கொடுக்க ஆஸ்பத்திரிக்குப் போய் வந்திருந்தாள்.

குடைத்துணி மேல் எறும்புகள் சாரை சாரையாக ஏறிக்கொண்டிருந்தன.

டைரக்டர் கிட்டே போய்க் குனிந்தார். அக்கம்பக்கம் பார்த்தார். கைக்குட்டையை எடுத்து அவசர அவசரமாகக் குடையை ஒத்தித் துடைத்து, எறும்புகளைத் தட்டிவிட்டு, கைக்குட்டையைச் சட்டைப்பையில் திணித்துக்கொண்டார். பின்னால் செருப்புச் சத்தம் கேட்டபோது பீடி தேடுவதுபோல் பாவனை செய்தார்.

துப்பறிவாளர் கோட்டைத் தொட்டார், சட்டையைத் தொட்டார், குடையைத் தொட்டார். எல்லோரையும் கூடத்துக்கு வரச் சொன்னார்.

முதலாளி வந்து நடுநாயகமாக உட்கார்ந்தார். கேமரா உதவியாளர் அழுது வீங்கிய கண்களோடு சுவரோரம் நின்றார். டைரக்டரின் மனைவி ஊசியும் நூலுமாக வந்து, உட்காராமல் நின்றாள்.

"கேஸ் முடிஞ்சுது மச்சான்," என்றார் மாப்பிள்ளை. "கடைசிக் காட்சியில கதாநாயகன் முகமே இல்லையாம். மறுபடி எடுக்கவைக்க அவர்தான் திறந்திருக்கார்."

"என் முகம் இல்லாத காட்சியிலயும் என் பேர்தான்யா போஸ்டர்ல வரும்," என்றான் கதாநாயகன்.

"மாப்பிள்ளை, கொஞ்சம் மூச்சு விடுங்க," என்று சிரித்த துப்பறிவாளர் டைரக்டரைப் பார்த்து மெல்லச் சொன்னார். "சார், உங்க சட்டைப்பையில எறும்பு ஏறுது."

எல்லோரும் பார்த்தார்கள். பைவிளிம்பில் வரிசையாக, அடக்கமாக ஏறிக்கொண்டிருந்தன. டைரக்டரின் கை தானாக நெஞ்சுக்குப் போனது.

"வானத்துல பெய்யற மழையில இனிப்பு இல்லை," என்றார் துப்பறிவாளர். "இந்தக் கூடத்துக்கு அந்தப் பக்கம் பெய்ஞ்ச டின் பால் மழையில இருந்தது. இருட்டறைக்குப் போனவர் பால்ல நனைஞ்சிருக்கணும். கோட்டுல எறும்பு இல்லை, சட்டையில இல்லை."

"அப்போ திறந்தது டைரக்டர்தான்," என்று துள்ளினார் மாப்பிள்ளை.

"ஆமா," என்றார் டைரக்டர் உடனே. "நான்தான்."

"என்னய்யா உளறறே?" என்றார் முதலாளி. "சாப்பாட்டு நேரம் பூரா என் எதிர்ல உட்கார்ந்து சோத்தைப் பிசைஞ்சுக்கிட்டு இருந்தியே."

துப்பறிவாளர் தலையசைத்தார். "நீங்க என் மாடிக்கு நனைஞ்சுதான் வந்தீங்க. சட்டையில எறும்பு வரல. இப்போ பைக்குள்ள இருக்கற கைக்குட்டைக்கு மட்டும் வருது. அப்படின்னா இங்க வந்தப்புறம் எதையோ துடைச்சிருக்கீங்க. கோட்டு இன்னும் சொட்டுது, சட்டை சொட்டுது. ஆஸ்பத்திரியிலேர்ந்து கொட்டற மழையில வந்த குடை மட்டும் காஞ்சு கிடக்கு. யாரோட குடையை ஒரு மனுஷன் இப்படி ஒளிச்சுத் துடைப்பான்?"

டைரக்டரின் மனைவி நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள்.

"நான்தான் திறந்தேன்," என்றாள். "தம்பியால திரும்பிப் படுக்க முடியல. ஒரு வாய் ஊட்டறதுக்குள்ள வேர்த்துக் கொட்டுது அவனுக்கு. அதைப் பார்த்துட்டு வந்து நேரா இருட்டறைக்குள்ள போனேன். முந்தாநாள் இவர் முதலாளிகிட்ட சொன்னது என் காதுல விழுந்துது. 'எவ்வளவு கொடுத்தாலும் இப்படி விழ ஆள் கிடைக்காது, இந்த ஒரு ஷாட்டுக்கே படம் ஓடும்'னார். என் தம்பி எலும்பு முறியறதை ஜனங்க டிக்கெட் வாங்கிப் பார்க்கணுமா?" கேமரா உதவியாளரிடம் திரும்பினாள். "பழி உன் தலையில விழும்னு எனக்குத் தோணல. தோணினப்புறமும் வாயை மூடிக்கிட்டு நின்னேன். அது பெரிய தப்பு. மன்னிச்சுடு."

கேமரா உதவியாளர் உள்ளங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு தலையை ஆட்டினார்.

டைரக்டர் எழுந்தார். "முதல் தடவையே நல்லாத்தான் வந்துது. மழை போதலைன்னு இன்னும் ரெண்டு டின் பாலை ஊத்தச் சொன்னேன். 'தரை வழுக்குது அத்தான்'னு சொன்னான். 'ஒரே ஒரு தடவைடா'ன்னேன். குடிச்சிருந்தான்னு நான்தான் கதை கட்டினேன். அவன் தொட்டதே இல்லை."

"இதை எதுக்கு இங்க சொல்றீங்க?" என்றாள் மனைவி. "கேட்கவேண்டியவன் அங்கல்ல படுத்திருக்கான்."

முதலாளி முணுமுணுத்துக்கொண்டே எழுந்து போனார். போலீஸ் என்ற பேச்சு அதோடு நின்றது.

ஆஸ்பத்திரி வார்டில் மச்சினன் கடைசிக் கட்டிலில் மல்லாந்து கிடந்தான். டைரக்டரைக் கண்டதும் அவன் முகம் மலர்ந்ததுதான் அவரைக் கொன்றது.

"வாங்க அத்தான். மூணு நாளா வாசலையே பார்த்துக்கிட்டு இருக்கேன்னு அக்கா சொன்னாளா?"

"தப்பு என்னுதுடா," என்றார் அவர். "வழுக்குதுன்னு நீ சொன்னே. நான் கேக்கல."

"அதை விடுங்க. ஷாட் எப்படி வந்திருக்கு? அதைச் சொல்லுங்க."

மனைவி கட்டிலின் அந்தப் பக்கம் நின்றாள். அவள் முகத்திலிருந்த தைரியமெல்லாம் வடிந்துவிட்டது.

"இந்தப் படத்துலயாவது ஒரு தடவை நான்தான் நிஜமா இருந்தேன் அத்தான்," என்றான் அவன். "முகம் தெரியாட்டிப் போகுது. விழுந்தது நான்னு எனக்குத் தெரியுமே. வலி தாங்காதப்பல்லாம் அதைத்தான் நினைச்சுக்குவேன்."

அவள் உதடு அசைந்தது. அவள் சொல்வதற்குள் டைரக்டர் முந்திக்கொண்டார்.

"பிலிம் கெட்டுப்போச்சுடா. நான்தான் கெடுத்தேன். அவசரத்துல டப்பாவைத் திறந்துட்டேன்."

அவன் நம்பினான். நம்பாமல் இருக்கக் காரணம் ஏது? பார்வையைக் கூரைக்குத் திருப்பினான்.

"அவ்வளவு நல்லா விழுந்தேன்," என்றான்.

"ஆமாடா. அப்படி யாரும் விழுந்ததில்லை."

"நீங்க போங்க அத்தான். இப்போ உங்களைப் பார்க்க முடியல."

அவர் வெளியே வந்து பெஞ்சில் உட்கார்ந்தார். கொஞ்ச நேரம் கழித்து மனைவியும் வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"நாளைக்கு நான் சொல்லிடறேன்," என்றாள்.

"வேண்டாம்," என்றார் அவர். "அவன் கோபப்பட ஒருத்தர் போதும்."