மாடிக்கு மஞ்சள் வேட்டி

ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்பார்கள். சாக்கு எம்மாத்திரம்? சினேகா வீட்டு மாடியில் முந்தின நாள்தான் கான்கிரீட் தளம் போட்டிருந்தார்கள். அதன்மேல் நனைத்து விரித்த கோணிச் சாக்குகள் காய்ந்துபோய், ஒன்றன்பின் ஒன்றாகப் பக்கத்துத் தெருவுக்குப் பறந்தன.

“ஈரம் போச்சுன்னா தளம் வெடிச்சிடும். அப்புறம் மழைக்கு ஒழுகும்” என்று பங்காரு மேஸ்திரி எச்சரித்துவிட்டுப் போயிருந்தார்.

ஒழுகல் என்றாலே சினேகாவுக்குப் பற்றிக்கொண்டு வரும். பழைய கூரை ஒழுகியதால், போன மழைக்காலம் முழுக்க வயிற்றின் மேல் குண்டானை வைத்துக்கொண்டுதான் தூங்கினாள். இனி ஒரு சொட்டுகூட உள்ளே வரக்கூடாது!

“நீயா நானா பாத்துடலாம்!” என்று வெயிலைப் பார்த்துச் சொல்லிவிட்டுக் குடத்தைக் கவிழ்த்தாள். தளம் நனைந்த வேகத்திலேயே காய்ந்தது.

“ஆடிக் கிருத்திகையும் அதுவுமா மலைக்குப் போவாம, மாடியில குந்திகினு இருக்கியேடி!” என்று கீழிருந்து அம்மா கத்தினாள்.

“முருகன் எங்கயும் போவமாட்டாரும்மா. ஈரம் போயிடும்!”

மத்தியானம் பொதட்டூர்பேட்டை டில்லிபாபு மாமா வந்தார். கூடவே அவருடைய நெசவாளர் கூட்டம். மலையில் காவடி செலுத்திவிட்டு, குளத்தில் முழுக்குப் போட்டு, லுங்கிக்கு மாறியிருந்தார்கள். திருவிழாவில் விற்க மாமா லுங்கி மூட்டையே கொண்டுவந்திருந்தார். எல்லார் தோளிலும் மஞ்சள் வேட்டி சொட்டிக்கொண்டிருந்தது.

“மாடி சும்மாதானே கீது? வேட்டிய காயப்போடலாம் வாங்கப்பா!”

சினேகா படியில் கைகளை விரித்து நின்றாள். “மேல யாரும் எதையும் காயப்போடக் கூடாது!”

“அடேங்கப்பா, கலெக்டரம்மா உத்தரவு!” என்று மாமா கும்பிடு போட்டார். அதில் அவர் தோளிலிருந்த வேட்டி நழுவிப் படியில் விழுந்தது. காற்று அதைப் பிடித்து இழுத்தது. ஈர வேட்டியோ சிமெண்டோடு ஒட்டிக்கொண்டு அசையவே இல்லை.

சினேகா அதையே பார்த்தாள்.

“சரி மாமா, போடுங்க. ஆனா காயப்போடக் கூடாது, நனையப்போடணும். தளம் பூரா விரிச்சு, நான் தண்ணி ஊத்திகினே இருப்பேன்.”

“இன்னாது? அப்போ நாங்க ஊருக்கு எதைக் கட்டிகினு போறதாம்?”

“லுங்கி நெய்யறவங்களுக்கு லுங்கிப் பஞ்சமா?”

கூட்டம் கொல்லென்று சிரித்தது. மாமாவும் சிரித்துவிட்டார். “விரிங்கப்பா! அடுத்த கிருத்திகைக்கு வந்து வாங்கிக்கலாம்!”

ஓரங்களில் செங்கல் வைத்தார்கள். ஆளுக்கொரு குடம் ஊற்றினார்கள். மாடி முழுக்க மஞ்சள் போர்த்திக்கொண்டது. காற்று முட்டி மோதிப் பார்த்தது.

“எங்கே, இப்போ தூக்கு பாக்கலாம்!” என்றாள் சினேகா. அன்று மட்டுமல்ல, மேஸ்திரி போதும் என்று சொல்லும்வரை விடாமல் ஊற்றினாள்.

ஐப்பசியில் மழை கொட்டு கொட்டென்று கொட்டியது. உள்ளே ஒரு சொட்டு இல்லை. குண்டானில் அம்மா ரசம் வைத்துக்கொண்டிருந்தாள்.

“அவ்வளவுதானா? இன்னும் கொட்டு!” என்று மழையை அதட்டிவிட்டு, சினேகா சுகமாகக் குப்புறப் படுத்துத் தூங்கினாள்.